பழைய வானொலிப் பெட்டிகளின் குமிழ்கள்

பழைய வானொலிப் பெட்டியின் முகப்பில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், நிலையத்தைத் தேடவும், அலைவரிசையை மாற்றவும் பொருத்தப்பட்ட திருகுகள் குமிழ்கள் எனப்படும். வால்வு வானொலிக் காலத்தில் கேட்பவரின் கை பெட்டியைத் தொட்ட இடம் இது ஒன்றே. ஓட்டுவீட்டுப் பரணிலும் பழைய அலமாரியிலும் பல்லாண்டுகள் கிடந்த பெட்டியை இன்று எடுத்துப் பார்ப்பவர் முதலில் சந்திக்கும் பழுதும் பெரும்பாலும் குமிழில்தான் இருக்கும். திருகினால் சுழலாது; இழுத்தால் கழலாது. பல பெட்டிகளில் குமிழ்களைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டத்தை வெளியே எடுக்க முடியாது. ஆகவே இறுகிய ஒரு குமிழ் முழுப் பெட்டியையும் பூட்டி வைத்துவிடுகிறது. பொறுமையின்றி வலுவைப் பயன்படுத்தினால் குமிழ் உடையும், தண்டு முறியும், சில பெட்டிகளில் உயிருக்கே ஆபத்து நேரும்.

தமிழ்நாட்டில் வானொலிக் குமிழ் யார் கையில் இருந்தது, அது எவ்வாறு அமைந்தது, ஏன் இறுகுகிறது, அதை எப்படி விடுவிப்பது ஆகியவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள கோலியனூர் வட்டாரம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

சொல் வழக்கு

உருண்டு திரண்ட முனையைக் குறிக்கும் 'குமிழ்' என்ற பழைய தமிழ்ச் சொல், வானொலியின் திருகுக்கும் பொருந்தி வந்தது. பேச்சு வழக்கில் 'திருகு', 'நாப்பு' என்றும் சொல்வர். 'ரேடியோ காதைத் திருகு' என்பதும் வழக்கில் உண்டு. பெட்டியின் இரு பக்கமும் காதுபோல் துருத்தி நிற்பதால் வந்த சொல்லாட்சி இது. பழுதுபார்ப்பவர்கள் ஒலிக் குமிழை 'வால்யூம்' என்றும், நிலையம் தேடும் குமிழை 'டியூனிங்' என்றும், அலைவரிசை மாற்றும் குமிழைப் 'பேண்டு சுவிட்சு' என்றும் அழைத்தனர்.

குமிழ் இல்லாத கேட்பு

தமிழ்நாட்டில் வானொலி கேட்டவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்தில் குமிழைத் தொட்டதில்லை. 1924ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு சூலை 31 அன்று அதன் ஒலிபரப்பு ஆரம்பமானது. பணமுடையால் 1927இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் சொந்தமாக ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாலையில் காற்று வாங்க வந்தவர்கள் இசையைக் கேட்டுச் சென்றனர். எந்த நிலையம், எவ்வளவு ஒலி என்பதெல்லாம் வேறொருவர் தீர்மானித்தவை.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியா முழுவதும் இருந்த வானொலி நிலையங்கள் 6 மட்டுமே. அவற்றில் இரண்டு தமிழ் பேசும் பகுதியில் இருந்தன. அப்போது நாடு முழுவதும் ஏறத்தாழ 2,75,000 வானொலிப் பெட்டிகளே இருந்தன. மக்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கே ஒலிபரப்பு எட்டியது.

ஊராட்சி வானொலி

சொந்தப் பெட்டி வாங்க இயலாத ஊர்களுக்குப் பொதுப்பெட்டி வந்தது. ஊராட்சி அலுவலகத்திலோ, பூங்காவிலோ, படிப்பகத்திலோ ஒரு சிறிய அறையில் பெட்டி இருக்கும். கூரையிலோ கம்பத்திலோ புனல் வடிவ ஒலிபெருக்கி கட்டப்பட்டிருக்கும். மாலையில் செய்திகளும் கிராம நிகழ்ச்சிகளும் விவசாயிகளுக்கான நிகழ்ச்சிகளும் ஊர் முழுவதும் கேட்கும். மின்சாரம் எட்டாத ஊர்களில் பேட்டரியால் இயங்கும் வால்வுப் பெட்டிகள் பயன்பட்டன. வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட் அளவிலான சிறு பேட்டரியும், வால்வுகளுக்கு மின்னழுத்தம் தர 90 வோல்ட் பேட்டரியும் அவற்றுக்குத் தேவைப்பட்டன. பேட்டரி தீர்ந்தால் புதியது வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகள் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. சாவி, பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஒருவரிடம் இருக்கும். நேரம் வந்ததும் அவர் கதவைத் திறந்து குமிழைத் திருகுவார். நிகழ்ச்சி முடிந்ததும் பூட்டிவிடுவார். பொதுச்சொத்தைக் காக்கும் ஏற்பாடு அது. அதே வேளையில், ஊரில் எல்லாருக்கும் காது உண்டு, குமிழ் ஒருவர் கையில் மட்டுமே என்ற நிலையும் அதனால் ஏற்பட்டது. சினிமாப் பாட்டைக் கேட்க விரும்பிய இளைஞர்கள் பொதுப்பெட்டியை விட்டுச் சொந்தப் பெட்டி உள்ள வீட்டுத் திண்ணையை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதுப்பெட்டியின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1960களின் பிற்பகுதியில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் வகை வேகமாகப் பரவியதில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. உழவர்கள் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். வானொலிப் பெட்டியைப் பராமரிப்பது ஊராட்சியின் வேலை என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில்கூட, ஊராட்சி விரும்பினால் செய்யக்கூடிய பணிகளில் வானொலிப் பெட்டி வைத்துப் பராமரிப்பதும் விளையாட்டுத் திடல், பூங்கா ஆகியவற்றுடன் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது.

வீட்டுக்கு வந்த குமிழ்

சொந்தமாகப் பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும். 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி வானொலிப் பெட்டி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1927இல் ஆண்டுக் கட்டணம் 10 ரூபாய். அது அக்காலத்தில் பெருந்தொகை. ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குச் சென்று பணம் கட்டிச் சிறு புத்தகத்தில் பதிந்து வரவேண்டும். இந்த உரிமப் புத்தகங்கள் பழைய பெட்டிகளோடு இன்றும் சில வீடுகளில் கிடைக்கின்றன. பெட்டி எந்த ஆண்டு வாங்கப்பட்டது, எதுவரை கேட்கப்பட்டது என்பதை அறிய அவை நல்ல சான்றுகள். 1980களில் உரிமக் கட்டணம் படிப்படியாக நீக்கப்பட்டது.

பிலிப்ஸ், மர்பி, புஷ், எச்.எம்.வி., ஜி.இ.சி., டெலிபங்கன், நேஷனல் எக்கோ ஆகியவை வீடுகளில் வழங்கிய பெயர்கள். பிலிப்ஸ் 1948இல் கல்கத்தாவில் வானொலி உற்பத்தியைத் தொடங்கியது. பெங்களூருவில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வானொலி வால்வுகளையும் டிரான்சிஸ்டர்களையும் செய்யத் தொடங்கியது. அதன் பிறகு வால்வு போனால் வெளிநாட்டுச் சரக்குக்குக் காத்திருக்கும் நிலை குறைந்தது.

குமிழ் வீட்டுக்கு வந்ததும் கேட்பவரின் விருப்பமும் வெளிப்பட்டது. 1952இல் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் வெகுவாகக் குறைந்தன. நேயர்கள் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குச் சென்றனர். எஸ். பி. மயில்வாகனன், பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் பழகிய குரல்களாயின. இந்த நேயர்களை மீட்கவே 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. அரசின் ஒலிபரப்புக் கொள்கையை மாற்றியதில் வீட்டுக் குமிழுக்கும் பங்கு உண்டு.

விழுப்புரம் வட்டாரத்தில் நிலையம் பிடித்தல்

சென்னைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ளது விழுப்புரம். சென்னை நிலையம் 720 கிலோஹெர்ட்ஸிலும் திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸிலும் மத்திய அலையில் ஒலிபரப்பின. பகலில் மத்திய அலை நிலத்தை ஒட்டியே பரவும். தொலைவு கூடக்கூட வலுக் குறையும். கோலியனூர், வளவனூர் போன்ற ஊர்களில் இரு நிலையங்களும் தொலைவில் இருந்தவை. கூரைக்கு மேல் ஏரியல் கம்பி கட்டி, குமிழை மயிரிழை அளவு நகர்த்தித்தான் தெளிவான ஒலியைப் பெற முடியும். இரவில் மத்திய அலை வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால் தொலைதூர நிலையங்களும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். அப்போதும் குமிழின் நுட்பமே துணை.

1967 செப்டம்பர் 23 அன்று புதுச்சேரி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. 1215 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த அந்த நிலையம் கோலியனூருக்கு மிக அருகில் இருந்ததால் பழைய பெட்டிகளிலும் எளிதாகக் கிடைத்தது. அதன் பிறகும் இலங்கை வானொலியைச் சிற்றலையில் பிடிக்க விரும்பியவர்களுக்குக் குமிழின் நுட்பம் தேவைப்பட்டது. சிற்றலையில் ஒரு விரற்கடை தூரத்துக்குள் பல நிலையங்கள் நெருங்கி நிற்கும். ஒலி ஏறி இறங்கி மிதக்கும். குமிழ் சற்றே தளர்ந்தாலும் இறுகினாலும் நிலையம் நழுவிவிடும்.

குமிழுக்குப் பின்னால் இருப்பவை

பெரும்பாலான பழைய குமிழ்கள் பேக்கலைட்டால் ஆனவை. பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லாண்ட் 1907இல் உருவாக்கிய இந்தப் பொருள் சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அடிபட்டால் சில்லாக உடையும்.

ஒலிக் குமிழின் தண்டு உள்ளே ஒரு கரித்தடத்தின் மீது நகரும் தொடுமுனையைச் சுழற்றுகிறது. பல பெட்டிகளில் இதனுடனேயே மின்சுவிட்சும் சேர்ந்திருக்கும். முதல் திருகலில் 'டக்' என்ற ஒலியுடன் பெட்டி உயிர்பெறும். அலைவரிசைக் குமிழ் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கிய தட்டுச் சுவிட்சுகளைத் திருப்புகிறது.

நிலையம் தேடும் குமிழே நுட்பம் மிகுந்தது. 'கேங் கண்டன்சர்' எனப்படும் மாறு மின்தேக்கியில் நிலையான தகடுகளுக்கு இடையே அசையும் தகடுகள் தொடாமல் நுழைந்து வெளிவரும். தகடுகள் முழுதும் நுழைந்தால் அலைவரிசையின் ஒரு முனை, முழுதும் வெளிவந்தால் மறுமுனை. இதற்கு அரைச்சுற்றே போதும். அரைச்சுற்றுக்குள் எல்லா நிலையங்களையும் கையால் பிரித்துப் பிடிப்பது கடினம். எனவே குமிழின் மெல்லிய தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிய டயல் கயிறு, மின்தேக்கியின் பெரிய உருளையைச் சுழற்றுகிறது. குமிழ் பல முறை சுற்றினால்தான் உருளை அரைச்சுற்று சுற்றும். அதே கயிற்றில் கட்டிய முள், ஊர்ப் பெயர்களும் எண்களும் எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் நகரும். விலையுயர்ந்த பெட்டிகளில் 'மேஜிக் ஐ' என்ற பச்சைக்கண் வால்வு, நிலையம் சரியாகச் சிக்கியதை ஒளியால் காட்டும்.

குமிழ் தண்டோடு இரு வகைகளில் பொருத்தப்பட்டது. ஒன்று, குமிழின் பக்கவாட்டுத் துளையில் மறையும் தலையில்லாத சிறு திருகாணி. இதைப் பழுதுபார்ப்பவர்கள் 'கிரப் ஸ்க்ரூ' என்பர். மற்றொன்று, குமிழுக்குள் இருக்கும் எஃகுச் சுருள் அல்லது பட்டை தண்டைக் கவ்விப் பிடிப்பது. பின்னதை நேராக இழுத்தாலே கழற்றலாம்.

இறுகுவதற்கான காரணங்கள்

குமிழ் சுழலவில்லை என்றால் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: குமிழும் தண்டும் சேரும் இடம், தண்டு சுழலும் பித்தளைக் குழாய், அதற்கும் உள்ளே இருக்கும் உறுப்பு.

எஃகுத் திருகாணி துருப்பிடித்து வீங்கிக் குமிழைத் தண்டோடு ஒட்டவைப்பது முதல் வகை. கடற்கரை ஈரக்காற்று வீசும் பகுதிகளில் இது அதிகம். பித்தளைத் தண்டிலும் குழாயிலும் பச்சைக் களிம்பு பிடிப்பது அடுத்தது. பாத்திரத்தில் பிடிக்கும் அதே களிம்புதான்; நூலளவு இடைவெளியிலும் சேர்ந்து தண்டை இறுக்கிவிடும்.

மிகப் பரவலான காரணம் காய்ந்த கிரீஸ். தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் ஐம்பது அறுபது ஆண்டுகளில் எண்ணெய்ப் பசையை இழந்து மெழுகாகவும் பின்னர் பிசினாகவும் மாறுகிறது. தூசியும் சேர்ந்தால் அது பசைபோல் பிடித்துக்கொள்ளும்.

வீட்டு வைத்தியமும் ஒரு காரணம். விழுப்புரம், திண்டிவனம் பகுதி மணிலா எனப்படும் நிலக்கடலை விளையும் நாடு. திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் 'டி.எம்.வி.' எனக் குறிக்கப்படும் கடலை வகைகள் நாடெங்கும் அறியப்பட்டவை. கடலை எண்ணெய் இல்லாத வீடு இங்கே அரிது. குமிழ் சற்று இறுகியதும் கைக்கு எட்டிய அந்த எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ இரண்டு சொட்டு விடுவது இயல்பு. அன்றைக்குக் குமிழ் சுழலும். ஆனால் சமையல் எண்ணெய் காற்றுபட்டுச் சில ஆண்டுகளில் சிக்குப் பிடித்துப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் உறையும். முன்னிருந்ததைவிட மோசமான இறுகலில் இது முடியும்.

1930, 40களின் சில வெளிநாட்டுப் பெட்டிகளில் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த உறுப்புகள் இருந்தன. கலவையில் ஈயம் போன்ற மாசு சிறிது கலந்திருந்தாலும், ஈரத்தில் அது உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, பருத்து, வெடித்து, பொடியாகும். இவ்வாறு பருத்த உறுப்பை எந்த எண்ணெயாலும் விடுவிக்க முடியாது. மாற்றுவது ஒன்றே வழி.

மின் ஆபத்து

குமிழைத் தொடுமுன் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. முற்காலத்தில் சில ஊர்களில் நேர்மின்சாரமும் சில ஊர்களில் மாறுமின்சாரமும் வழங்கப்பட்டன. இரண்டிலும் இயங்கும் வகையில் செய்யப்பட்ட 'ஏ.சி./டி.சி.' பெட்டிகளில் மின்மாற்றி கிடையாது. மின்கம்பி ஒன்று நேராகச் சேஸிஸோடு இணைக்கப்பட்டிருக்கும். இருமுனைப் பிளக்கைத் திருப்பிச் செருகினால் 230 வோல்ட் மின்சாரம் சேஸிஸ் மீதே நிற்கும். குமிழின் தண்டும் அதில் இறுக்கிய திருகாணியும் அந்தச் சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருப்பவை.

இதை அறிந்தே பல தொழிற்சாலைகள் திருகாணித் துளையை மெழுகால் அடைத்தன. கை பட்டாலும் மின்சாரம் தாக்காதிருக்க வைத்த காப்பு அது. பழுதுபார்த்தபின் பலர் மெழுகைத் திரும்ப வைப்பதில்லை. குமிழ் தொலைந்தபோது தண்டை நேரடியாகக் குறடால் பிடித்துத் திருகிய வீடுகளும் உண்டு. பேக்கலைட் குமிழ் அழகுக்காக மட்டும் வைத்ததன்று. கைக்கும் மின்சாரத்துக்கும் இடையே இருந்த சுவர் அது.

இத்தகைய பெட்டிகளில் 'யு' என்ற எழுத்தில் தொடங்கும் பெயருடைய வால்வுகள் பெரும்பாலும் காணப்படும். ஆனால் வால்வின் பெயரை மட்டும் வைத்துப் பாதுகாப்பானது என்று முடிவுசெய்யக் கூடாது. எந்தப் பழைய பெட்டியையும் சேஸிஸில் மின்சாரம் உள்ளதாகக் கருதியே அணுக வேண்டும். மேலும், வால்வு வானொலிக்குள் 250 வோல்ட் அளவிலான நேர்மின்னழுத்தம் உண்டு. அணைத்த பின்னும் பெரிய மின்தேக்கிகளில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும்.

விடுவிக்கும் முறை

அனுபவமுள்ள வானொலி மெக்கானிக்குகள் பின்பற்றிய வரிசை பெரும்பாலும் ஒன்றே. வலுவைவிட நேரத்தை நம்பிய முறை அது.

முதலில் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். மின்தேக்கிகள் அடங்கும்வரை பெட்டியைத் தொடாமல் விட வேண்டும். குமிழ்கள், முள், பின்பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. முற்காலத்தில் இதற்குப் பதில் தாளில் வரைந்து வைத்தனர்.

அடுத்து, இறுகியது எது என்று கண்டறிய வேண்டும். பின்பலகையைத் திறந்து, குமிழை மிக மெதுவாக அசைத்துப் பார்த்தால் புலப்படும். குமிழ் சுழன்று தண்டு நின்றால் திருகாணி தளர்ந்திருக்கிறது. தண்டு சுழன்று முள் நகராவிட்டால் கயிறு வழுக்குகிறது அல்லது அறுந்திருக்கிறது. எதுவும் அசையாவிட்டால் தண்டோ உள்ளுறுப்போ இறுகியிருக்கிறது.

பக்கவாட்டில் துளை இருந்தால் மெழுகை ஊசியால் சுரண்டி எடுத்து, திருகாணியின் வெட்டில் உள்ள துருவையும் அழுக்கையும் நீக்க வேண்டும். வெட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இன்றியமையாதது. சிறியதைப் பயன்படுத்தினால் வெட்டு சிதைந்துவிடும். அதன் பிறகு திருகாணியைத் துளையிட்டே எடுக்க வேண்டியிருக்கும். துருவை ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். அது கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயைத் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தனர். மறுநாளும் அசையாவிட்டால், எண்ணெயை நன்கு துடைத்தபின், சூடான பற்றவைக்கும் கோலின் முனையைத் திருகாணி மீது ஓரிரு நிமிடம் வைப்பர். சூட்டில் உலோகம் விரிந்து துருவின் பிடி விடும். முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்துவது மெக்கானிக்குகளின் பழக்கம்.

துளை இல்லாத குமிழைக் கழற்ற, ஒரு கைக்குட்டையையோ நாடாவையோ குமிழுக்கும் பெட்டிக்கும் இடையே நுழைத்துச் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து நேராக இழுக்க வேண்டும். இழுவை குமிழின் விளிம்பெங்கும் சமமாகப் பரவுவதால் பேக்கலைட் உடைவதில்லை.

குமிழ் கழன்றபின் தண்டும் குழாயும் சேரும் இடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலை ஊசி முனையால் வைத்து, காய்ந்த கிரீசை ஊற வைப்பர். குமிழை மீண்டும் பொருத்தி, வலமும் இடமும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். கரைந்த அழுக்கு வெளிவரும்போது பஞ்சால் துடைக்க வேண்டும். நன்றாகச் சுழன்றபின் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும்.

வேலை முடிந்ததும் திருகாணித் துளையை மீண்டும் மெழுகால் அடைக்க வேண்டும். பல்லாண்டு கிடந்த பெட்டியை உடனே மின்சாரத்தில் செருகுவதும் தவறு. மெக்கானிக்குகள் ஒரு குண்டு பல்பைத் தொடரிணைப்பில் வைத்த 'சீரிஸ் போர்டு' வழியாகவே முதல் முறை மின்சாரம் கொடுப்பர். உள்ளே குறுக்கு இணைப்பு இருந்தால் பல்பு பளிச்சென எரிந்து எச்சரிக்கும், பெட்டி தப்பும். மின்வேலை தெரிந்த ஒருவர் உடனிருந்தே இதைச் செய்ய வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

குமிழைத் திருப்புளியால் நெம்பக் கூடாது. பெட்டியின் மர முகப்பில் குழி விழும், குமிழும் பிளக்கும். குறடால் பிடித்துத் திருகக் கூடாது. மின்தேக்கியின் தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டால் நிலையங்கள் கிடைக்காமல் போகும். எண்ணெயைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. ஒலிக் குமிழின் கரித்தடத்தையும் தட்டுச் சுவிட்சின் அட்டையையும் அது கெடுத்துவிடும். டயல் கயிற்றில் எண்ணெய் பட்டால் கயிறு வழுக்கும்.

டயல் கண்ணாடியின் பின்புறத்தைத் துடைப்பது மற்றொரு பொதுவான தவறு. ஊர்ப் பெயர்களும் எண்களும் அங்கேதான் எழுதப்பட்டுள்ளன. பழைய வண்ணம் உதிரும் நிலையில் இருப்பதால் ஈரத்துணி பட்டாலே எழுத்துகள் அழிந்துபோகும். அழிந்தவற்றை மீட்க வழியில்லை.

டிரான்சிஸ்டர் வந்தபின்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டறியப்பட்டது. 1960களில் டிரான்சிஸ்டர் வானொலி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் பரவியது. வயல் வரப்பு, மாட்டுவண்டி, தேநீர்க்கடை என்று எங்கும் அது சென்றது. பெரிய பேக்கலைட் குமிழுக்குப் பதில் பக்கவாட்டில் பாதி தெரியும் சிறு பிளாஸ்டிக் சக்கரம் வந்தது. கட்டைவிரலால் உருட்டினால் போதும். பூட்டிய அலமாரியும் சாவியும் தேவையில்லை. சிறுவர்களும் பெண்களும் தாங்கள் விரும்பியதைத் தாங்களே தேடிக் கேட்க முடிந்தது. ஊராட்சி வானொலி அறைகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. ஒலிபெருக்கிக் கம்பம் மட்டும் எஞ்சிய ஊர்கள் உண்டு.

1977 சூலை 23 அன்று இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. பின்னாளில் பண்பலையே பெரும்பாலோர் கேட்கும் வானொலியாயிற்று. மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே உள்ள பழைய பெட்டி பண்பலையை வாங்காது. பொத்தானும் தொடுதிரையும் வந்தபின் நிலையம் 'தேடுவது' என்ற செயலே மறைந்தது. வால்வு வானொலியைப் பழுதுபார்க்கும் கடைகளும் குறைந்தன. டயல் கயிறு கட்டும் வழியும், மெழுகு அடைத்த துளையின் காரணமும் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து மற்றவர் பார்த்துக் கற்றவை. எழுதி வைக்கப்பட்டவை மிகக் குறைவு.

சான்றுப்பொருளாகப் பழைய பெட்டி

பழைய வானொலிப் பெட்டி பாடினால்தான் மதிப்புடையது என்பதில்லை. முள் எந்த எண்ணில் நிற்கிறது, டயலில் எந்த ஊர்ப் பெயர்கள் உள்ளன, எந்தக் குமிழ் அதிகம் தேய்ந்திருக்கிறது, எந்தக் குமிழ் வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது ஆகிய யாவும் அந்த வீட்டின் கேட்புப் பழக்கத்தைச் சொல்கின்றன. அலைவரிசைக் குமிழ் சிற்றலையில் நின்றிருந்தால் அது கடைசியாகத் தொலைநாட்டு நிலையம் ஒன்றைத் தேடிய பெட்டியாக இருக்கலாம். எனவே குமிழைத் திருகுமுன் அது நின்ற நிலையைக் குறித்துக்கொள்வது அவசியம்.

ஊர் வரலாறு எழுதும் மாணவர்களுக்கு இது பயனுள்ள களப்பணி. உரிமப் புத்தகம், வாங்கிய கடையின் ரசீது, உள்ளே மெக்கானிக் பென்சிலால் எழுதிய தேதி, பொதுப்பெட்டியின் சாவியை வைத்திருந்தவரைப் பற்றிய முதியோர் நினைவு ஆகியவற்றைச் சேர்த்தால் ஓர் ஊரில் வானொலி நுழைந்த வரலாற்றை எழுதலாம். கழற்றிய திருகாணியையும் உடைந்த குமிழ்த் துண்டையும் எறிந்துவிடாமல் உறையிலிட்டுப் பெட்டியோடு வைக்க வேண்டும். சுழலாத குமிழ் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் விடுபடும். விடுபடாவிட்டால், உடைக்காமல் அப்படியே விட்டுவைப்பதே பெட்டிக்கும் அது தாங்கியிருக்கும் வரலாற்றுக்கும் நல்லது.